கறளின் கணக்கு

உப்புக்காற்று வீசும் ஊர்களில் இரும்புக்கு ஆயுள் குறைவு. கொழும்பிலிருந்து புத்தளம் செல்லும் பெருஞ்சாலையில், மதுரங்குளியை அடுத்துள்ள கனமூலையும் அத்தகைய ஊர்களுள் ஒன்று. தென்னந்தோட்டங்களுக்கு அப்பால் களப்பு. களப்புக்கு அப்பால் கடல். புதிதாக வாங்கிய சைக்கிளின் கம்பிகள் ஒரு மாரி கழிவதற்குள் நிறம் மாறிவிடும். ஜன்னற் கம்பியும் கிணற்றுக் கப்பியும் கதவின் பிணைச்சலும் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உதிர்ந்துகொண்டிருக்கும். இரும்பு கறள் பிடிப்பதைக் கண்டு எமது ஊரார் சலித்துக்கொள்வார்களேயன்றி ஒருபோதும் வியப்பதில்லை.

அப்படிப்பட்ட ஊரிலே பிறந்து வளர்ந்த நாம், நன்றாக வர்ணம் பூசி முடித்த ஒரு பொருளின்மீது கறளைச் செயற்கையாக உண்டாக்குவதற்காகப் பல இரவுகள் கண்விழித்திருக்கிறோம் என்று சொன்னால் வாசகர்கள் நகைக்கக்கூடும். நகைப்பதற்கு இடமுண்டு என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் அந்த வேலை எமக்குக் கற்றுத்தந்த பாடம் நகைப்புக்குரியதன்று.

மோட்டார் வண்டிகளை ஒரு குறித்த அளவுப்பிரமாணத்தில் சிறியனவாகச் செய்து, வர்ணம் பூசி, பின்னர் வெயிலும் மழையும் நெடுநாள் உபயோகமும் ஏற்படுத்தும் தழும்புகளை அவ்வர்ணத்தின்மீது ஏற்றுவது உலகின் பல நாடுகளில் ஒரு பொழுதுபோக்காக இருந்துவருகிறது. இந்தக் கடைசிப் பகுதியை நாம் ‘மூப்பேற்றுதல்’ என்று சொல்லிக்கொள்வோம். செய்வதும் வர்ணம் பூசுவதும் கைத்திறன். மூப்பேற்றுவதோ அப்படியன்று. ஒரு வண்டி எங்கே ஓடியது, எதனைச் சுமந்தது, யார் கை அதன்மீது பட்டது என்பவற்றையெல்லாம் அறியாதவன் அதனைச் செய்ய இயலாது.

எமது இளமைக்காலத்தில் கனமூலைச் சிறுவர்க்குக் கடையில் வாங்கிய விளையாட்டுச் சாமான் அரிது. 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடுகள் இருந்தன. இறக்குமதி தாராளமாக இருந்திருப்பினும் எம் வீட்டுக்கு அது வந்திருக்காது என்பது வேறு விஷயம். தென்னையிலிருந்து உதிர்ந்த குரும்பட்டிகளை ஈர்க்கிற் கோத்து வண்டி செய்தோம். டின்மீன் காலியானதும் அந்தத் தகரம் லொறியாகும்; அறுந்த ரப்பர்ச் செருப்பை வட்டமாக வெட்டினால் சில்லு; பழுதான குடையின் கம்பி அச்சாணி. பெரியோர் எறிந்தவையெல்லாம் எம் கையில் மீண்டும் உயிர் பெற்றன. அன்று நாம் செய்த லொறி யாவும் ஒரே லொறியைப் பார்த்துச் செய்தவையே. அது எம் வாப்பா ஓட்டிய பெட்போர்ட் லொறி.

வாப்பா 1974ஆம் ஆண்டிலிருந்து 1993ஆம் ஆண்டுவரை, பத்தொன்பது ஆண்டுகள் அந்த ஒரே லொறியை ஓட்டினார். பாலாவிப் பக்கத்து உப்பளங்களிலிருந்து உப்பு ஏற்றுவார்; உப்பு இல்லாத காலத்தில் தேங்காய். லொறி ஒரு முதலாளியினுடையது. மாலையில் திரும்பியதும் கிணற்று நீரை வாளி வாளியாக இறைத்து அதன் அடிப்பாகத்தைக் கழுவுவார். உம்மா கோபித்துக்கொள்வார். “பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதற்கு முன் லொறியைக் குளிப்பாட்டுகிறீர்களே!” என்பார். “பிள்ளைகளுக்கு உப்புப் பிடிப்பதில்லை” என்பது வாப்பாவின் பதில். அடிப்பாகத்துக்குக் கறள் தடுக்கும் வர்ணம் பூசவேண்டுமென்று அவர் முதலாளியிடம் பலமுறை கேட்டதுண்டு. அது வீண் செலவு என்று மறுக்கப்பட்டது.

முதலாளியின் வீட்டிலேதான் நாம் முதன்முதலாகக் கடையில் விற்கும் சிறு மோட்டார் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தோம். சாவியைக் கொடுக்கச் சென்ற வாப்பாவுடன் நாமும் போயிருந்தோம். அந்த வீட்டுப் பையன் ஒரு நிமிட நேரத்துக்கு அதனை எம்மிடம் தந்தான். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. ஆயினும் கதவின் கோடும் விளக்கின் விளிம்பும் பிசகின்றி இருந்தன. திருப்பிப் பார்த்தபோது அடியில் நுண்ணிய எழுத்தில் ‘மேட் இன் இங்கிலண்ட்’ என்று பொறித்திருந்தது. அந்த எழுத்தைப் படித்து முடிப்பதற்குள் நிமிடம் கழிந்துவிட்டது.

அந்தச் சிறு வண்டியின் சரித்திரத்தைப் பின்னாளிலேயே படித்தறிந்தோம். லிவர்ப்பூல் நகரத்து மெக்கானோ கம்பெனி 1934இல் ‘டிங்கி டாய்ஸ்’ என்ற பெயரைத் தன் வார்ப்புலோக வண்டிகளுக்குச் சூட்டியது. விளையாட்டு ரயில்களுக்குத் துணைப்பொருளாகத் தொடங்கியவை அவை. ஓர் அடிக்கு 7 மில்லிமீற்றர் என்ற ரயில் அளவிலிருந்தே 43இல் ஒரு பங்கு என்ற பிரமாணம் மோட்டார் வண்டிகளுக்கும் வந்து நிலைத்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் லண்டனில் லெஸ்னி கம்பெனி தீப்பெட்டிக்குள் அடங்கும் வண்டிகளைச் செய்து விற்றது. தீப்பெட்டியில் அடங்கும் சாமான்களை மட்டுமே பள்ளிக்குக் கொண்டுவரலாம் என்று ஜாக் ஓடெல் என்ற பொறியாளரின் மகளுடைய பள்ளியில் விதி இருந்ததாம். அதிலிருந்தே ‘மேட்ச்பாக்ஸ்’ என்ற பெயர் பிறந்தது. ஜப்பானில் 1946இல் மரக்கடையாகத் தொடங்கிய தமியா நிறுவனம் மரத்தில் சிற்றுருவங்களைச் செய்து, பின்னர் 1960இல் பிளாஸ்டிக்குக்கு மாறி, பாகம் பாகமாக வாங்கிப் பொருத்தும் பெட்டிகளால் உலகப் புகழ் பெற்றது. டிங்கியின் பழைய வார்ப்பு அச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்து, அங்கே ‘நிக்கி டாய்ஸ்’ என்ற பெயரில் வண்டிகளாயின. லிவர்ப்பூல் ஆலை 1979இல் மூடப்பட்டது. லெஸ்னி 1982இல் திவாலாயிற்று. தொழில் மலிவான கூலியைத் தேடிக் கிழக்கே நகர்ந்தது.

கிழக்கே நகர்ந்த அந்தத் தொழிலுக்கு ஒரு நாள் உண்டு, அதனை மறக்கலாகாது. 1993ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள், தாய்லாந்தில், பாங்கொக் நகருக்கு அருகே கேடர் என்னும் விளையாட்டுப் பொம்மை ஆலையில் தீப்பற்றியது. 188 தொழிலாளர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் இளம்பெண்கள். வெளியேறும் வாயில்கள் பூட்டப்பட்டிருந்தன. அந்த ஆலை செய்தவை பொம்மைகளே. மோட்டார் வண்டிகள் அல்ல. ஆயினும் விளையாட்டுச் சாமானின் அடியில் நாட்டின் பெயர் இருக்கிறது, பெட்டியின்மேல் கம்பெனியின் பெயர் இருக்கிறது, செய்த கையின் பெயர் மட்டும் எங்கும் இல்லை என்ற உண்மை இரண்டுக்கும் பொதுவன்றோ?

அதே 1993ஆம் ஆண்டில்தான் எம் வாப்பாவின் லொறியும் முடிவுக்கு வந்தது. அடிச்சட்டம் இற்றுவிட்டது, திருத்துவதில் லாபம் இல்லை என்று முதலாளி தீர்மானித்தார். பழைய இரும்பு வாங்குபவர்கள் வந்து வெட்டி எடுத்துச் சென்றார்கள். ஒவ்வொரு துண்டாகத் தராசில் நிறுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்குத் தீர்த்தார்கள். வாப்பாவுக்குக் கணக்கு எதுவும் தீர்க்கப்படவில்லை. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் இயற்றப்பட்டது. தனியார் துறையில் உழைப்பவனுக்கு முதலாளியும் தொழிலாளியும் மாதந்தோறும் பணம் செலுத்தவேண்டும் என்பது அதன் விதி. வாப்பாவின் பெயரில் ஒரு சதம்கூடச் செலுத்தப்பட்டிருக்கவில்லை. கேட்கலாம் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருக்கவேண்டிய நாமோ அப்போதுதான் ஆசிரியத் தொழிலுக்கு வந்து, உத்தியோகப் பெருமையில் மூழ்கிக் கிடந்தோம். கறள் தின்ற இரும்புக்குக்கூட நிறை இருந்தது. பத்தொன்பது ஆண்டு உழைப்புக்கு நிறை இருக்கவில்லை.

2020 மார்ச்சில், கொள்ளைநோய் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டு ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது, வீட்டுத் திண்ணையில் செய்வதறியாது உட்கார்ந்திருந்தோம். வாப்பா மறைந்து அப்போது சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த லொறியின் படம் எதுவும் எம்மிடம் இல்லை. அந்நாளில் எமது ஊரில் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவர்களே சிலர்; லொறியைப் படம் எடுப்பவர் யார்? ஆகவே அதனைச் செய்து பார்ப்பதென்று முடிவு செய்தோம்.

24இல் ஒரு பங்கு என்ற பிரமாணத்தைத் தேர்ந்தோம். கணக்குக்கு அது மிக எளிது: ஓர் அடி அரை அங்குலமாகும். இருபதடி லொறி பத்து அங்குலம். மூன்றடி உயரச் சில்லு ஒன்றரை அங்குலம். ஆறடி மனிதன் மூன்று அங்குலம். தண்ணீர்க் குழாய்க்கான பீ.வீ.சீ. துண்டை நெடுக்காகப் பிளந்து, கொதிநீரில் இளக்கி, பலகைகளுக்கிடையே வைத்து அழுத்தினால் நல்ல தகடு கிடைக்கும். அதுவே லொறியின் முன்கூடு. பின்பெட்டிக்கு ஐஸ்கிறீம் குச்சிகள், அச்சுக்குக் குடைக்கம்பி, சில்லுக்கு அதே பழைய ரப்பர்ச் செருப்பு. ஐம்பது வயதைக் கடந்த நாம் ஏழு வயதில் செய்ததையே மீண்டும் செய்கிறோம் என்பதை உணர்ந்தபோது வெட்கமும் மகிழ்ச்சியும் ஒருங்கே தோன்றின.

பொருத்திய பின் அரத்தாளால் தேய்த்தோம். தமிழகத்தார் இதனை உப்புத்தாள் என்பர். எமது கதைக்கு அந்தப் பெயரே பொருத்தம். முதலில் சாம்பல் நிற அடிப்பூச்சு. அதன்மேல் நீல வர்ணம். வர்ணம் ஊர்க் கராஜ் நானா கொடுத்த மிச்சம். ஒரு தடவையில் தடிப்பாகப் பூசினால் கதவின் கோடுகள் மறைந்துவிடும். மெல்லிய படலங்களாக, ஒன்று காய்ந்தபின் ஒன்றாகப் பூசவேண்டும். அவசரம் இந்த வேலைக்கு ஆகாது.

முடிந்தது. மேசைமேல் வைத்துப் பார்த்தோம். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது வாப்பாவின் லொறி அன்று. விற்பனைக்கு வந்த லொறி. எவருக்கும் சொந்தமில்லாத லொறி. எங்கே குறை என்று இரண்டு நாள் சிந்தித்தோம். அளவிற் குறையில்லை; வர்ணத்திற் குறையில்லை. பத்தொன்பது ஆண்டுகள் அதில் இல்லை. அதுவே குறை.

மூப்பேற்றும் முறைகள் பல உண்டு. அவற்றுள் ஒன்றைப் படித்தபோது எமக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதலில் கறளின் கபில நிறத்தைப் பூசவேண்டும். காய்ந்ததும் நீர் தடவி, கறள் தெரியவேண்டிய இடங்களில் உப்பைத் தூவவேண்டும். நீர் வற்றியதும் உப்பு ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் லொறியின் நிறத்தை விசிறி, காய்ந்தபின் உப்பை உதிர்த்துவிட்டால், உப்பு இருந்த இடங்களிலெல்லாம் வர்ணம் உரிந்து கறள் எட்டிப் பார்ப்பதுபோலத் தோன்றும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இருப்போர் கறளின் தோற்றத்தை உண்டாக்கச் சமையலறை உப்பைத் தேடுகிறார்கள்! மெய்யாகவே இரும்பைத் தின்னும் உப்பு மலைமலையாகக் குவியும் மாவட்டத்தில் நாம் இருக்கிறோம். அம்மியில் பொடித்து, பெரிதும் சிறிதுமாகப் பரல்களைப் பிரித்துக்கொண்டோம். இந்த அளவில் ஒரு பெரிய உப்புப்பரல் ஒரு தேங்காய் அளவுக் கறளைக் காட்டும். தெருப்புழுதியையும் அவ்வாறே அரைத்துத் துணியில் சலிக்கவேண்டும். இன்றேல் ஒவ்வொரு மணலும் கருங்கல்லாய்த் தோன்றும்.

கறள் என்பது என்ன என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்திருக்கிறோம். இரும்பு, நீர், ஒட்சிசன் ஆகிய மூன்றும் கூடினால் கறள். உப்பு கரைந்த நீர் மின்னைக் கடத்துவதால் அந்த மாற்றம் விரைவுபடும். கறள் இரும்பைவிட அதிக இடம் கொள்வதால் அதன்மேலுள்ள வர்ணம் கொப்புளித்து வெடிக்கும். புதுக்கறள் செம்மஞ்சள், பழங்கறள் கருங்கபிலம். இவ்வளவையும் கரும்பலகையில் எழுதினோம். ஆனால் அந்த மை போன்ற தூரிகையைக் கையில் எடுத்து, எந்த இடத்தில் எந்த நிறம் என்று முடிவுசெய்ய நேர்ந்தபோதுதான் எமக்குத் தெரிந்தது எவ்வளவு சொற்பம் என்பது புலனாயிற்று. உப்பு லொறிதானே என்று கூரை, கதவு, முகப்பு எங்கும் கறளைத் தாராளமாக வாரி இறைத்தோம்.

ஊரடங்கு தளர்ந்த ஒரு மாலையில், வாப்பாவின் லொறியில் மூட்டை ஏற்றிய நாட்டாமை ஒருவர் எம்மைப் பார்க்க வந்தார். வயது எழுபதைக் கடந்திருந்தது. மேசைமேல் இருந்ததைக் கண்டு சற்று நேரம் பேசாமல் நின்றார். பின்னர் கண்ணருகே தூக்கிப் பார்த்தார்.

“மகன், லொறி அவர்ர லொறிதான். கறள்தான் பொய்.”

“ஏன் மாமா?”

“உப்பு மேல இருந்தா திங்கும்? கீழ இருந்துதான் திங்கும்.”

அவர் விளக்கினார். பாத்தியிலிருந்து வாரிய உப்பு உலர்ந்த உப்பன்று. மூட்டை வழியெல்லாம் கசியும். கசியும் நீர் பலகை இடுக்கில் இறங்கி அடிச்சட்டத்தில் சொட்டும். கூரையில் வர்ணம் வெளிறுமேயன்றிக் கறள் பிடிக்காது. பின்பெட்டிப் பலகைக்கு உப்பால் சேதம் இல்லை. “பலகைய உப்பு ஒண்ணும் செய்யாது. ஆணியத்தான் திங்கும். ஒவ்வொரு ஆணியச் சுத்தியும் கறுப்பு வட்டம் விழும். அது எங்க?” என்றார். நாம் செய்த பலகைகளில் ஆணியே இல்லை.

பிறகு வலப்புறக் கதவைக் காட்டினார். ஜன்னல் விளிம்பில் நாம் அழகாகக் கறள் ஏற்றியிருந்தோம். “இது அவர் கை வச்ச இடம். இங்க எப்படிக் கறள் வரும்?” என்றார்.

எமக்குச் சுரீரென்றது. அந்த விளிம்பு எம் கண்ணில் அப்போதுதான் தோன்றியது. வர்ணம் தேய்ந்து, தகரம் வெளிப்பட்டு, நாள்தோறும் பட்ட முழங்கையால் வெள்ளிபோல் மின்னிய இடம் அது. சாரதியின் பக்கத்துப் படியும் அப்படியே. நாட்டாமைமார் வெறுங்காலால் ஏறிய பின்பலகையின் மேல்விளிம்பும் அப்படியே. இரும்பைக் கவனியாது விட்ட இடத்தில் கறள். மனிதன் இடைவிடாது தொட்ட இடத்தில் மெருகு. ஒரே லொறியின்மீது இரண்டு கையெழுத்துகள் இருந்தன. ஒன்று, அடிப்பாகத்துக்கு வர்ணம் பூசுவதை வீண் செலவென்று மறுத்தவருடையது. மற்றது, அதனை ஓட்டியவரும் ஏற்றியவரும் இட்டது. நாமோ இரண்டையும் ஒரே கபில நிறத்தால் மெழுகிவிட்டிருந்தோம். படித்தவர் செய்யும் பிழை பெரும்பாலும் இவ்வகையினதே. வறுமையைக் கண்டால் எல்லாவற்றின்மீதும் ஒரே நிறத்தைப் பூசிவிட்டு, உண்மையை எழுதிவிட்டோம் என்று மனநிறைவு கொள்கிறோம்.

போகும்போது அவர் லொறியை மீண்டும் ஒரு கையால் தூக்கினார். “எத்தன ஆயிரம் மூட இதுக்கு ஏத்தியிருப்பன்! இப்ப ஒரு கையால தூக்குறன்” என்று சிரித்தார்.

அன்றிரவு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். நீளம் 24 மடங்கு குறையும்போது, நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால், பருமன் 13,824 மடங்கு குறைகிறது. 50 கிலோ உப்பு மூட்டை இந்த அளவில் மூன்றரைக் கிராமுக்குச் சற்று அதிகம், அவ்வளவே. சிற்றுருவம் செய்யும் கலையின் இன்பமும் ஆபத்தும் இந்தக் கணக்கில் அடங்கியிருக்கின்றன. உருவம் அப்படியே இருக்கிறது, பாரம் போய்விடுகிறது. பாரம் இல்லாத உழைப்பைப் பார்ப்பது எவருக்கும் இனிமையாகவே இருக்கும். செல்வர் வீட்டு அலமாரியில் கறள் பிடித்த லொறி அழகாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

இந்த முயற்சி பற்றி அறிந்த தோழர் ஒருவர் எம்மைக் கடிந்துகொண்டார். நாட்டில் இவ்வளவு பிரச்சினைகள் இருக்க, ஓர் ஆசிரியர் விளையாட்டு லொறிக்குக் கறள் பூசிக்கொண்டிருக்கலாமா என்பது அவர் கேள்வி. கேள்வியை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் 1886ஆம் ஆண்டு மே மாதத்தில் சிகாகோவிலும் ஏனைய அமெரிக்க நகரங்களிலும் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது எட்டு மணிநேர வேலையைக் கேட்டது எதற்காக? உறங்குவதற்கு மட்டுமா? உழைப்பும் உறக்கமும் போக எஞ்சிய நேரம் தமக்கே சொந்தமாக இருக்கவேண்டும் என்பதற்காக அன்றோ? 1919இல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் நிறைவேற்றிய முதலாவது உடன்படிக்கையே வேலை நேரம் பற்றியதுதான். பொழுதுபோக்கு என்பது செல்வரின் ஏகபோகம் அன்று. எம் வாப்பாவுக்குப் பொழுதே கிடைக்கவில்லை என்பதுதான் குற்றம். அவர் மகனுக்குச் சிறிது கிடைத்தது குற்றமாகாது. அந்தப் பொழுதை எதனைப் பார்ப்பதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

பள்ளி மீண்டும் திறந்தபின் அந்த லொறியை வகுப்புக்கு எடுத்துச் சென்றோம். விகிதம் கற்பிக்க அதைவிட நல்ல கருவி வேறில்லை. இரசாயனப் பாடத்துக்கும் அதுவே. மாணவர் சிலர் தாமும் செய்யத் தொடங்கினர். மாலை வேளைகளில் பள்ளித் திண்ணையில் கூடினோம். ஒருவன் தன் மாமாவின் ஆட்டோவைச் செய்தான். ஒருத்தி பேரூந்து செய்தாள். 1958இல் தனியார் பஸ் கம்பெனிகள் தேசியமயமாக்கப்பட்ட கதையை அவளுக்கு அப்போது சொன்னோம். ஒவ்வொருவரிடமும் நாம் கேட்ட கேள்வி ஒன்றே: “தேய்ந்த இடம் எது? யாருடைய கையால்?” விடை தெரியாதவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டு வந்தார்கள். சாரதி, நடத்துநர், மீன் ஏற்றுபவர், கராஜ் பையன் எனப் பலர் தம் வேலையைப் பற்றித் தம் பிள்ளைகளிடம் முதன்முறையாகப் பேசியது அவ்வாறுதான்.

ஒரு மாணவியின் முயற்சி இங்கே குறிக்கத்தக்கது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பல்லாயிரவர் புத்தளம் மாவட்டத்தில் குடியேறினர். அவள் குடும்பம் அவ்வாறு வந்தது. அவளுடைய பாட்டனார் யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓட்டிய ஒஸ்ரின் காரை விட்டுவிட்டு, உடுத்த துணியோடு வந்தவர். அந்தக் காரைச் செய்யவேண்டும் என்றாள். படமும் இல்லை; பாட்டனாரும் இல்லை. கார் கறுப்பு என்றார் பாட்டி. கரும்பச்சை என்றார் அவள் தந்தை. நிறத்தைப் பற்றி வீட்டில் ஒரு வாரம் தர்க்கம் நடந்தது. ஆனால் பின்கதவின் கைப்பிடி தேய்ந்திருந்தது என்பதில் இருவருக்கும் கருத்து வேற்றுமை இருக்கவில்லை. “பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றிப்போன கார், தெருவில் இருந்த எல்லாப் பிள்ளையின் கையும் அதில் பட்டது” என்று பாட்டி சொன்னாராம். எல்லாப் பிள்ளையும் என்றால் முஸ்லிம் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும். அந்தச் சிறு கைப்பிடியின் கறுப்பைச் சுரண்டி, உள்ளிருந்த வெண்மையை அவள் வெளிப்படுத்திய போது திண்ணையில் எவரும் பேசவில்லை.

எம் லொறியை நாம் திருத்தினோம். கூரையின் கறளை நீக்கி, வெயிலில் வெளிறிய நீலத்தைப் பூசினோம். பலகைகளில் ஊசியால் குத்தி ஆணிகளையும், அவற்றைச் சுற்றிக் கறுப்பு வட்டங்களையும் உண்டாக்கினோம். ஜன்னல் விளிம்பைத் தேய்த்து மெருகேற்றினோம். எல்லாவற்றிலும் அதிக நாள் உழைத்தது அடிப்பாகத்துக்கே. மேசைமேல் வைத்தால் எவர் கண்ணுக்கும் அது தெரியாது. ஆயினும் வாப்பா வாளி வாளியாக நீர் ஊற்றிய இடம் அதுவன்றோ?

பள்ளி அலமாரியில் வைப்பதற்கு முன், அடியில் என்ன எழுதுவது என்று மாணவர் கேட்டனர். கம்பெனியின் பெயர் முகப்பிலேயே இருக்கிறது. நாட்டின் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. முதலாளியின் பெயரை எழுதலாமா என்று ஒருவன் கேட்டான். “அவர் இதனைத் தொட்டதில்லையே” என்று இன்னொருவன் பதில் சொன்னான். நாட்டாமை மாமாவை அழைத்து வந்தோம். அந்த லொறியில் மூட்டை ஏற்றியவர்களை அவர் விரல்விட்டு எண்ணி எண்ணிச் சொன்னார். ஏழு பேர், அவர்களுள் நால்வர் மறைந்துவிட்டனர். இரண்டு பெயர்கள் நினைவுக்கு வராமல் மறுநாள் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார். ஓட்டியவர் பெயரோடு எட்டுப் பெயர்கள். அவற்றை ஊசிமுனையால் எழுத, பிறகு லொறியின் அடிப்பாகத்தில் இடம் போதவில்லை. எழுத்தைச் சிறிதாக்கி, எல்லாப் பெயரையும் எழுதி முடித்தோம்.